வீரய்யாவின் பெருவிரல்

திம்புள்ளப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், மேமலை டிவிசனில், ஆறு வீடு ஒட்டி நிற்கிற ஐந்தாம் நம்பர் லயத்தின் முதல் வீடான தலைக் காம்பராவில் இருந்த வீரய்யாவுக்கு உடம்பில் எல்லா உறுப்பும் தூங்கும். வலது கைப் பெருவிரல் மட்டும் தூங்காது. முப்பது வருசம் கவ்வாத்துக் கத்தி பிடித்த விரல் அது. தேயிலைச் செடியின் தலையை வெட்டி வெட்டிப் பழகியதால், கத்தியைக் கீழே வைத்த பிறகும் அதற்கு எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். கோயிலில் கும்பிட்டால் மற்ற ஒன்பது விரலும் மாரியம்மனைக் கும்பிடும். இது மட்டும் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டு நிற்கும். அம்மனும் இவ்வளவு காலத்தில் ஒன்றும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளில் அந்த லயத்துக்கு முதன்முதலாக டீவி வந்ததும் அவர் காம்பராவுக்குத்தான். கறுப்பு வெள்ளைப் பெட்டி. கார் பெட்டரியில் ஓடும். மூங்கில் கம்பத்தில் அன்டெனா. அதில் தெரிந்தது இரண்டு சேனல். ஒன்றில் செய்தி வரும், மற்றதில் மழை பெய்யும். இரண்டுக்கும் நடுவே வீரய்யா திருகைத் திருப்பிக்கொண்டே இருப்பார். செய்தி வாசிக்கிறவர் ஒரு வசனத்தை முடித்ததை அந்த லயத்தில் யாரும் கேட்டதில்லை. ஒருநாள் திருகு கையோடு கழன்று வந்துவிட்டது. பிறகு குறட்டால் திருப்பினார். குறடு தேய்ந்து போய்விட்டது என்று அவர் சொல்வார். குறட்டை ஆற்றில் எறிந்தது நான்தான் என்று அவர் மனைவி அம்மாக்கண்ணு சொல்வாள்.

கழன்ற திருகைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் அவர் பெரட்டுக்குப் போவார். காலையில் வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையா பேர் வாசித்து ஆட்களுக்கு வேலை பிரிக்கும்போது, பைக்குள் விரல் திருகைத் திருப்பிக்கொண்டிருக்கும். அவர் திருப்பத் திருப்பக் கண்டாக்கையாவின் குரல் கூடிக் குறைந்ததைப் பலர் கேட்டிருக்கிறார்கள். கண்டாக்கையாவுக்கு அந்த வாரம் தொண்டைக்கட்டு என்று சிலர் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் சொல்கிறவர்கள் எங்கேயும் இருப்பார்கள்.

பிறகு லயத்துக்குக் கரண்ட் வந்தது, கலர் டீவி வந்தது. இரண்டாயிரத்து ஏழில், கொழும்புக் கடையில் நிற்கும் மகன் ஒரு டிஷ் வாங்கி அனுப்பினான். ஹட்டனிலிருந்து ஆள் வந்து தகரக் கூரையில் அதைப் பூட்டினான். கூடவே ஒரு கறுப்புப் பெட்டி, ஒரு ரிமோட். ரிமோட்டில் நான்கு கலரில் நான்கு பட்டன். சிவப்பை அமுக்கினால் கோயில் தரிசனம். பச்சையில் கேள்வி பதில் போட்டி. மஞ்சளில் ராசிபலன். நீலத்தில் ஒரு பாம்பு பூச்சி தின்னும் விளையாட்டு. அதுவரை டீவி பேசும், ஆட்கள் கேட்பார்கள். இந்தப் பெட்டியோ ஆளைப் பார்த்து, எந்தக் கோயில் வேண்டும், இந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று கேட்டது. கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பொறுமையாகக் காத்திருந்தது. வீரய்யாவிடம் அவர் விருப்பம் என்ன என்று கேட்ட முதல் ஜீவன் அதுதான். துரை கேட்டதில்லை. சங்கத் தலைவர் கேட்டதில்லை. அம்மாக்கண்ணு அந்த வழக்கத்தையே அறியாதவள்.

லயத்தில் ஒரு வீட்டில் கருவாடு பொரிந்தால் ஆறு வீட்டிலும் சோறு இறங்கும். படமும் அப்படித்தான் போக வேண்டும் என்பது லயத்து நியாயம். ஆகவே கூரைச் சலாகை வழியாக ஒரு வயர் ஓடி, தலைக் காம்பராவிலிருந்து கடைசிக் காம்பரா வரைக்கும் ஆறு வீட்டுப் பழைய டீவிகளுக்கும் படம் போனது. ஒன்றில் எல்லா மனிதருக்கும் பச்சை முகம். ஒன்றைத் தலையில் தட்டினால்தான் பேசும். ஆறாவது காம்பராவில் இருந்த அழகன் வீட்டுக்கு வயர் போய்ச் சேர்வதற்குள் களைத்துவிடும். அங்கே எந்த ஊர்ப் படத்திலும் கொஞ்சம் பனி கொட்டும்.

டீவி ஆறு இருந்தாலும் கறுப்புப் பெட்டி ஒன்று, ரிமோட் ஒன்று, பெருவிரல் ஒன்று. வீரய்யா எதைப் பார்த்தாரோ அதைத்தான் லயமே பார்த்தது. அவர் பாம்பு விளையாடினால் ஆறு காம்பராவிலும் பாம்பு ஓடியது. முதல் மாதம் ஆளாளுக்குச் சுவருக்கு மேலால் கூப்பிட்டார்கள். லயத்துச் சுவர் கூரையைத் தொடாது. ஆறாவது காம்பராவில் தும்மினால் முதல் காம்பராவில் நூறாயுசு சொல்வார்கள். நாடகம் போடுங்கண்ணே என்று ஒரு குரல், கிரிக்கெட்டு மாமா என்று ஒரு குரல். சந்தைக்கடை தோற்றது. கடைசியில் அம்மாக்கண்ணுதான் ஒரு சட்டம் போட்டாள். ஒரு தட்டு சாமி, இரண்டு தட்டு செய்தி, மூன்று தட்டு நாடகம், நான்கு தட்டு கிரிக்கெட். ஐந்து தட்டு என்றால் யாரோ அடித்துக்கொள்கிறார்கள், வந்து விலக்கிவிட வேண்டும். கடைசிக் காம்பராக்காரர் பக்கத்துச் சுவரைத் தட்ட, அவர் அடுத்த சுவரைத் தட்ட, தட்டு கைமாறிக் கைமாறித் தலைக் காம்பராவுக்கு வரும். பட்டன் இல்லாத பழைய டீவிக்குச் சுவரே பட்டன்.

கேட்டது வரும். வந்தது நிற்காது. வீரய்யா கேட்டதைப் போடுவார், ஆனால் விரல் கொஞ்ச நேரத்தில் தாண்டிவிடும். சனங்கள் அதற்கும் பழகிவிட்டார்கள். படம் மாறிக்கொண்டே இருந்தால் வீரய்யா சுகமாக இருக்கிறார் என்று அர்த்தம். ஒருமுறை அவர் காய்ச்சலில் கண்ணயர்ந்து, ஒரே படம் ஒரு பொழுது பூராவும் நின்றபோது, மூன்றாவது காம்பரா பழனியாயி முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஒப்பாரியோடு வந்து சேர்ந்தாள். அவர் எழுந்து உட்கார்ந்ததும் பாதிப் பாட்டில் நிறுத்த மனமில்லாமல் மீதியையும் பாடிவிட்டுத்தான் போனாள்.

இப்படிப்பட்ட விரலால்தான் அழகன் மகள் லோஜினியின் முதல் சம்பந்தம் குழம்பியது.

லோஜினி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பெண். வீரய்யாவின் மடியில் வளர்ந்தவள். அவரைப் பெரியப்பா என்பாள். அவளைப் பார்க்கத் தலவாக்கலைப் பக்கமிருந்து ஆட்கள் வந்து, டீவியில் பிரசங்கம் ஓட, மாப்பிள்ளையின் பெரியம்மா ஒரு மிடறு தேத்தண்ணி குடித்தாள். அந்த நேரம் பார்த்து வீரய்யா விரல் தாண்டியது. எங்கோ ஒரு வெள்ளைக்கார ஊரில், துணிக்கடைக்குப் போகிற வழியிலேயே துணி தீர்ந்துபோன மாதிரி பெண்கள் வரிசையாக நடந்து வந்தார்கள். பெரியம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். அதற்குள் கிரிக்கெட். அதற்குள் பாம்பு. இந்த வீட்டில் எதுவும் ஒரு நிலையில் நிற்காது போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு லோஜினியின் தாய் மீனம்மா வீரய்யாவோடு பேசவில்லை. வீட்டு டீவியைத் துணி போட்டு மூடினாள். ஆறாவது காம்பராவிலிருந்து தட்டு வருவது நின்றது. வீரய்யா சேனல் மாற்றும்போதெல்லாம் ஒருமுறை சுவரைப் பார்த்துவிட்டு மாற்றினார்.

பிறகு கொத்மலைப் பக்கமிருந்து ஒரு இடம் வந்தது. பையன் விஜிதரன் ஹட்டனில் போன் கடையில் வேலை. தகப்பன் சின்னத்தம்பி, தாய் லெட்சுமி. தரகர் வந்து பையன் வீட்டுப் பெருமையைச் சொன்னார். அவர்கள் வீட்டில் டிஷ் இருக்கிறதாம். பையனின் தாய் காலையில் எழுந்ததும் சிவப்புப் பட்டனை அமுக்கி, எந்தக் கோயில் வேண்டுமோ அந்தக் கோயிலில் கும்பிட்டுவிட்டுத்தான் அடுப்புப் பற்ற வைப்பாளாம். இதைக் கேட்ட அழகனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. நம்ம வீட்டுலயும் அதே டிஷ்தான், நம்மளும் சிவப்பு அமுக்கித்தான் கும்பிடுறது என்று சொல்லிவிட்டான்.

தரகர் போன பிறகு, சொன்னது என்ன என்று அவனுக்கே தெரிந்தது. பெட்டியைத் தூக்கி ஒருநாளைக்கு ஆறாவது காம்பராவில் வைக்கலாமா என்று கேட்டுக்கொண்டு வந்தான். முடியாது. முன்பு ஒருமுறை அம்மாக்கண்ணு கூட்டுவதற்காகப் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தியதற்கே படம் செத்து, ஹட்டன் ஆள் வரும்வரை லயமே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டிஷ் இருப்பது வீரய்யா பக்கத்துக் கூரையில்தானே என்று யாரோ கேட்டார்கள். ஒரே தகரக் கூரை, டிஷ் யாருடையது என்று கூரையா சொல்லப்போகிறது என்றான் அழகன். செத்துப்போன வீடியோ டெக்கின் ரிமோட் ஒன்று அவனிடம் கிடந்தது. அதைத் துடைத்து, புதுசு மாதிரி பொலித்தீன் உறை போட்டான். ஏற்பாடு இதுதான்: அழகன் கையில் செத்த ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, என்ன போடப்போகிறான் என்பதைச் சத்தமாகச் சொல்லுவான். பின்பக்கக் குசினியில் தேத்தண்ணி ஊற்றுகிற மீனம்மா அகப்பையால் சுவரைத் தட்டுவாள். தட்டு வந்ததும் வீரய்யா மாற்ற வேண்டும். மற்ற நேரம் வீரய்யா இருக்கிறாரா செத்தாரா என்று தெரியக்கூடாது.

மீனம்மா அன்றுதான் மறுபடி அவரிடம் பேசினாள். தலைக் காம்பரா வாசல்வரை வந்து, உள்ளே வராமல் நின்றாள்.

"அண்ணே, இதுவும் குழம்பிச்சுன்னா எம்புள்ள இந்த லயத்துலயே நரைச்சுப் போவா. நீங்க ஒங்க விரலப் புடிச்சிக்கிங்க. அது போதும்."

கடவுளே வந்து மலையைப் பிடித்துக்கொள் என்று சொல்லியிருந்தால்கூட வீரய்யா அவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தூறல். மலையில் மேகம் இறங்கி, லயத்து வாசல்வரை வந்து நின்றுகொண்டிருந்தது. அம்மாக்கண்ணு பழைய சேலையில் ஒரு கிழிசல் எடுத்து, புருசனின் வலது பெருவிரலை உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டினாள். இரண்டு சுற்றுப் போட்டுப் பார்த்தாள். சேலைக்குள் விரல் இன்னும் அசைந்தது. மேலும் இரண்டு சுற்றுப் போட்டாள். ரிமோட்டை இடது கையில் கொடுத்து எதிரே முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள். டீவியில் ஒரு கோயிலைப் பற்றிய பேச்சு ஓடியது. பேசுகிறவர் ஒரு தூணுக்கு முன்னால் நின்று அந்தத் தூணைப் பற்றியே பேசினார். தூண் நகரவில்லை. அவரும் நகரவில்லை. வீரய்யாவுக்கு முதுகு அரித்தது. கால் அரித்தது. ஒரு மனிதன் இவ்வளவு நேரம் ஒரு தூணைப் பார்த்துக்கொண்டிருப்பது ஆயுளுக்கு நல்லதா என்று கேட்டார். வாய மூடுங்க என்றாள் அம்மாக்கண்ணு.

ஆறாவது காம்பராப் பக்கம் செருப்புச் சத்தமும் வாங்க வாங்கவும் கேட்டன. நாற்காலி இழுபட்டது. ஒரு பெண் குரல், சற்று உயரத்திலிருந்து வருகிற குரல், எங்க வீட்டு டிஷ்ஷுல படம் இதைவிடத் துலக்கமா இருக்கும் என்றது. அது லெட்சுமி என்று வீரய்யா கணித்தார். எங்களுக்கு இங்க மேகம் கூட, சிக்னல் நனைஞ்சுதான் வரும் என்றான் அழகன். பதில் நல்ல பதில். வீரய்யா இருந்த இடத்தில் தலையாட்டினார்.

பிறகு அழகன் குரல் உயர்ந்தது. "செய்தி போடுவமா? இந்தா அமுக்குறேன்."

குசினியில் அகப்பை இரண்டு முறை விழுந்தது. ஐந்தாவது சுவர், நான்காவது சுவர் என்று தட்டு நகர்ந்து வந்தது. மூன்றாவது காம்பராவில்தான் பழனியாயி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பகலில், வாரம் முழுக்க ஓடிய நாடகத்தைத் திரும்பப் போடுவார்கள். மருமகளை மாமியார் கிணற்றடியில் நிறுத்தி வைத்திருந்த கட்டம். அவளைத் தள்ளினாளா இல்லையா என்று தெரியாமல் பழனியாயி மூன்று நாள் சோறு இறங்காமல் இருந்தாள். தன் கைக்கு வந்த இரண்டு தட்டை வாங்கி, மூன்றாக்கி அடுத்த சுவருக்குக் கொடுத்தாள்.

வீரய்யா இடது கையால் நாடகத்தைப் போட்டார்.

வீரய்யாவின் நெஞ்சு கட்டுப்போட்ட விரலோடு சேர்ந்து ஆடியது. செய்தி என்று அவர் காது கேட்டது, மூன்று என்று சுவர் சொன்னது. காதா சுவரா என்று அவர் யோசிக்கவில்லை. லயத்துச் சட்டப்படி சுவர்தான் பெரிது. பிறகு லெட்சுமியின் குரல் கீழே இறங்கி வந்தது. ஐயோ இது இன்னைக்கு ஓடுதா, மாத்தாதீங்கண்ணே, இவ தள்ளிட்டாளா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்று மீனம்மா குசினியிலிருந்து சொன்னாள். தள்ள மாட்டா, இவளுக்கு அவ்வளவு தைரியம் இல்லை என்று லெட்சுமி சொன்னாள். இரண்டு பெண்களும் ஒரு மாமியாரைத் திட்டத் தொடங்கினார்கள். மூன்றாவது காம்பராவிலிருந்து பழனியாயியும் சுவருக்கு மேலால் சேர்ந்துகொண்டாள். அது யாரு என்றாள் லெட்சுமி. பக்கத்து வீடு என்றான் அழகன். லயத்தில் எல்லாம் பக்கத்து வீடுதான்.

நாடகம் முடிந்து விளம்பரம் வந்தது. விளம்பரம் என்றால் வீரய்யாவின் விரலுக்கு விஷம். சேலைக் கிழிசலுக்குள் அது ஒரு எலி மாதிரி முட்டியது. கட்டு ஒரு சுற்று தளர்ந்தது. அம்மாக்கண்ணு எழுந்து வந்து அவர் கையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். கலியாணத்தன்று பிடித்த பிறகு அவள் அந்தக் கையை இவ்வளவு நேரம் பிடித்தது அன்றைக்குத்தான்.

அப்போது ஒரு புதுக் குரல், கனத்த குரல், ரிமோட்டை இங்கிட்டுக் கொண்டாங்க, நானும் ஒருக்கா சிவப்பு அமுக்கிப் பார்க்கிறேன் என்றது. சின்னத்தம்பி. அழகன் ஏதோ சாக்குச் சொன்னான். பட்டன் கொஞ்சம் இறுக்கம், விரல் வலிக்கும் என்றான். என் விரலும் கவ்வாத்து வெட்டின விரல்தான் என்று சின்னத்தம்பி வாங்கிக்கொண்டார்.

"சிவப்பு அமுக்குறீங்களா, அமுக்குங்க, சிவப்பு" என்று அழகன் மலைக்கே கேட்கிற மாதிரி சொன்னான்.

தட்டுக்குக் காத்திருக்காமல் வீரய்யா சிவப்பை அமுக்கினார். தரிசனம் வந்தது. எந்தக் கோயில் வேண்டும் என்று பெட்டி கேட்டது. நான்கு கோயில் பேர் வரிசையாக நின்றது. வெளிச்சம் முதல் பேரில் நின்றது.

சின்னத்தம்பிக்கு எந்தக் கோயில் வேண்டுமோ தெரியவில்லை. அவர் செத்த ரிமோட்டில் கீழ்ப்பட்டனை அமுக்குகிறார் போல. பொலித்தீன் நெறிகிற சத்தம் மட்டும் லயத்தில் கேட்டது. அழகன் பேச மாட்டானா என்று வீரய்யா காதைத் தீட்டினார். அழகனோ அந்த நேரம் வெற்றிலைத் தட்டு எடுக்கக் குசினிக்குள் போயிருந்தான். இரண்டாவது பேரா, மூன்றாவதா? வீரய்யா ஒருமுறை கீழே நகர்த்தினார். பிறகு பயந்து மேலே நகர்த்தினார். பொலித்தீன் நெறிந்தது, நின்றது. மழை தகரத்தில் கொஞ்சம் கனத்தது. யாரோ வாசல் பக்கம் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்கிற சத்தம்.

அதற்குப் பிறகுதான் அது வந்தது.

ஒரு தட்டு. கொஞ்சம் இடைவெளி. இரண்டு தட்டு.

குசினியிலிருந்து வந்ததல்ல. ஆறாவது காம்பராவின் முன்பக்கச் சுவரிலிருந்து, கூரைக்கு அடியால் நேராகவே வீரய்யா காதுக்கு வந்தது. அகப்பையும் இல்லை. மடக்கிய விரல் மொளி. ஐந்தாவது காம்பராக்காரர் குழம்பிப்போயிருக்க வேண்டும், இருந்தாலும் வந்ததை வந்தபடி கொடுத்தார். பழனியாயிகூட இதில் கை வைக்கவில்லை. இரண்டாவது காம்பரா சுவர்வரை அது முழுசாக வந்து சேர்ந்தது. ஒன்று. இடைவெளி. இரண்டு.

வீரய்யா அந்த லயத்தில் எல்லாக் கையையும் அறிவார். அழகன் தட்டினால் கடன் கேட்பதுபோல் இருக்கும். பழனியாயி தட்டினால் கதவு உடையும். இது அவர் அறியாத கை. ஆனால் சுவரில் தட்டிப் பழகின கை. ஒருமுறை தட்டிவிட்டு அவசரப்படாமல் இருந்தது. கொஞ்சம் பொறுத்து, கோபமில்லாமல், அதே தட்டை அதே அளவில் மறுபடி தட்டியது. தலைக் காம்பராவில் இருப்பவன் அப்படித் தட்ட மாட்டான். அவனுக்குப் பொறுமை இருக்காது. வயரின் வாலில் வருசக் கணக்காக உட்கார்ந்து, கேட்டது வரும் அல்லது வராது, வந்தாலும் நிற்காது என்று தெரிந்துகொண்டவனின் தட்டு அது.

வீரய்யா எழுந்தார்.

"எங்க போறீங்க, உட்காருங்க" என்றாள் அம்மாக்கண்ணு. அவர் உட்காரவில்லை. இடது கையில் ரிமோட், வலது கையில் சேலைக்கட்டு. லயத்து முன் தாழ்வாரமான இஸ்தோப்பு வழியாக ஒவ்வொரு வாசலாகத் தாண்டி நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

ஆறாவது காம்பராவில், சின்னத்தம்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் செத்த ரிமோட். வலது கை மொளி இன்னும் சுவரோடு ஒட்டியபடி இருந்தது. தான் என்ன செய்தோம் என்பது அவருக்கு இன்னும் விளங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த லெட்சுமிக்கு விளங்கிவிட்டது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு புருசனைப் பார்த்த பார்வையில் தேயிலை கருகும். குசினி வாசலில் வெற்றிலைத் தட்டோடு நின்ற அழகன் நாலு கலர் பட்டன் வைத்த நிஜ ரிமோட்டை வீரய்யா கையில் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினான். அவன் பின்னால் மீனம்மா. அவள் கண்ணை மூடவில்லை. வீரய்யாவையே பார்த்தாள்.

வீரய்யா அவளைப் பார்க்காமல் சின்னத்தம்பியிடம் மரியாதையாகக் கேட்டார்.

"ஐயா, மன்னிச்சிக்கிங்க. அந்தத் தட்டு எங்க லயத்துல இல்ல. ஒங்க லயத்துல அதுக்கு என்ன வரும்?"

சின்னத்தம்பி தன் கையைப் பார்த்தார். மடியில் இருந்த ரிமோட்டைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு, கேட்டதற்குப் பதில் சொல்வதுதான் ஒழுங்கு என்பதுபோல் சொன்னார்.

"வானிலை. மழைக்குள்ள கொத்மலைக்குத் திரும்பணும் பாருங்க. அதான்."

"எத்தனாவது காம்பரா?"

"கடைசி" என்றார் சின்னத்தம்பி. சற்று யோசித்து, "எங்களுக்கும் படத்துல பனி கொட்டும்" என்றார்.

மாப்பிள்ளைப் பையன் விஜிதரன் அதுவரை வாயே திறக்காதவன், இப்போது மெல்லத் தொண்டையைச் செருமினான். அந்த ரிமோட் வீடியோ டெக்கோடது, வந்தவுடனேயே பார்த்தேன் என்றான். தெரியும், அதுல பெட்டரியும் இல்ல என்றாள் லோஜினி. பலகாரத் தட்டோடு கதவோரம் நின்றவள், தட்டை வைத்துவிட்டு நேராக அவனைப் பார்த்தாள். அந்த வீட்டில் பெண் பிள்ளை மாப்பிள்ளையை அப்படிப் பார்ப்பது வழக்கமில்லை. ஆனால் அன்றைக்கு வழக்கம் எல்லாம் ஏற்கனவே இஸ்தோப்பில் நடந்து போய்விட்டது.

"ஒங்க லயத்துல தலைக் காம்பராக்காரர் எப்புடி? பெருவிரல் சும்மா இருக்குமா?"

விஜிதரன் யோசித்தான். பொய் சொல்லலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு வேண்டாம் என்று முடிவெடுத்த மாதிரியும் இருந்தது.

"அவரு மாத்தவே மாட்டாரு. தட்டித் தட்டிக் கேட்டா வானிலை மட்டும் வரும். மத்தபடி மூணு வருசமா விவசாய சேனல்தான். நாடகத்த அம்மா அடுத்த லயத்துல போய்த்தான் பார்க்கிறாங்க. எங்கம்மா சிவப்புப் பட்டனக் கண்ணால கண்டதில்ல. நான் கடையில இருந்து வந்து சொன்னதத்தான் தரகர்கிட்ட சொன்னாங்க."

லெட்சுமி முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். திட்டப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளோ மீனம்மாவைப் பார்த்து, மூணு வருசமா உரம் போடுறதப் பார்க்கிறேன் தங்கச்சி, எனக்கு வெங்காயத்துக்கு வர்ற எல்லா நோயும் தெரியும் என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீனம்மாவுக்கும் வந்தது. லோஜினி மட்டும் சிரிக்கவில்லை. மாறவே மாறாத வீட்டில் போய் உட்கார முடியுமா என்று அவள் யோசித்துக்கொண்டு நின்றாள். அவள் யோசிப்பதை மீனம்மா பார்த்தாள். வெற்றிலைத் தட்டு அழகன் கையிலேயே நின்றது. இரண்டு பொய் சமமாகிவிட்டது. ஆனாலும் பெண் இன்னும் சரி சொல்லவில்லை.

அந்த நேரத்தில் லயத்தின் நடுவிலிருந்து ஒப்பாரி கிளம்பியது.

விசயம் இதுதான். ரிமோட் வீரய்யாவோடு வந்துவிட்டது. பெட்டியோ எந்தக் கோயில் என்று கேட்டபடி அப்படியே நின்றது. ஆறு டீவியிலும் அதே நான்கு பேர், அசையாமல். இரண்டாவது காம்பராவில் பார்த்தார்கள், படம் மாறவில்லை. மூன்றாவதில் பார்த்தார்கள், மாறவில்லை. படம் மாறாவிட்டால் என்ன அர்த்தம் என்று அந்த லயத்துக்குத் தெரியும். அவர் வாசலைத் தாண்டி நடந்து போனதைப் பழனியாயியும் கண்ணால் பார்த்தவள்தான். ஆனால் நடந்து போன மனிதன் போன இடத்தில் விழுந்திருக்கலாம். கண் பொய் சொல்லும், டீவி சொல்லாது. ஐந்து தட்டு தட்டினாள். முடியை அவிழ்த்தாள். பாட்டைத் தொடங்கியபடி வந்தாள்.

ஒப்பாரி இஸ்தோப்பு வழியே நெருங்கி வர, லெட்சுமியின் சிரிப்பு நின்றது. நல்ல காரியம் பேசுகிற இடத்தில் ஒப்பாரியா என்று எழுந்தாள். சின்னத்தம்பியும் எழுந்தார். மீனம்மாவின் முகத்தில் முதல் சம்பந்தம் போன அன்று இருந்த முகம் வந்து உட்கார்ந்தது. பழனியாயி வாசலில் வந்து, ராசா என்று நெஞ்சில் அடித்துக் கையை ஓங்கியவள், ரிமோட்டும் கட்டுமாக நிற்கிற ராசாவைக் கண்டாள். ஓங்கிய கையை இறக்கி இடுப்பில் வைத்தாள்.

"உசிரோட இருக்கிற மனுசன் ஒரு சேனலயாவது மாத்தக் கூடாதா?"

கொத்மலைக்காரர்களுக்கு அழகன் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. அவன் பொய் கலக்காமல் நடந்ததை நடந்தபடி சொன்னான். அன்றைக்கு அவன் சொன்னதில் எல்லோரும் நம்பச் சிரமப்பட்டது அந்த ஒன்றைத்தான். லெட்சுமி கேட்டுக்கொண்டே மெதுவாக உட்கார்ந்தாள். இப்போது லோஜினிக்குத்தான் சிரிப்பு வந்தது. சத்தமாகவே வந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு விஜிதரனைப் பார்த்தாள்.

"நான் வந்தா, ஒங்க தலைக் காம்பராக்காரர் சுவரத் தினமும் தட்டுவேன். அவரு மாத்துறவரைக்கும் தட்டுவேன். பரவாயில்லையா?"

"அம்மாவும் சேர்ந்து தட்டுவாங்க" என்றான் அவன்.

மீனம்மா புருசன் கையிலிருந்த வெற்றிலைத் தட்டை வாங்கி லெட்சுமியிடம் நீட்டப் போனாள். லெட்சுமி கை நீட்டவில்லை. வீரய்யா பக்கம் திரும்பினாள்.

"கொஞ்சம் இருங்க. அண்ணே, நீங்க போய் மொதல்ல ஒரு சேனல மாத்துங்க. செத்த வீடுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கிற லயத்துல நான் வெத்தல மாத்த மாட்டேன்."

மீனம்மா அவரைப் பார்த்தாள். "ஓடுங்கண்ணே" என்றாள்.

வீரய்யா ஓடினார். அந்த வயதில், அந்த மழையில், வழுக்குகிற இஸ்தோப்பில் அவர் ஓடியதைப் பார்த்தவர்கள், அவர் கால் தரையில் படவேயில்லை என்று சொல்வார்கள். படாமல் எப்படி ஓடினார் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். அம்மாக்கண்ணு கிழிசலை அவிழ்த்துவிட்டாள். விரல் வெளியே வந்து, ஒருமுறை நெட்டி முறித்து, வேலையைத் தொடங்கியது. கோயில், செய்தி, பாட்டு, துணி தீர்ந்துபோன பெண்கள், பாம்பு, தூண், கிரிக்கெட், மறுபடி கோயில்.

ஆறாவது காம்பராவில் பனி கொட்டுகிற பழைய டீவியில் எல்லாம் வரிசையாக ஓடியது. துணி தீர்ந்துபோன பெண்கள் வந்தபோது சின்னத்தம்பி மரியாதையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டார். லெட்சுமி பாம்பு வரும்வரை பார்த்துவிட்டு, வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டாள்.